பதினேழு கொலை, நாற்பத்திரண்டு பொய்

ஆன்மாக்களை நரகத்திலிருந்து காப்பாற்ற ஓய்வில்லாமல் உழைப்பவர்கள் உலகில் இருவர். ஒருவர் ரோமாபுரியில் இருக்கிறார். இன்னொருவர் எங்கள் தேவாலயத்தின் பங்கு மடலின் ஏழாம் பக்கத்தில் ‘கத்தோலிக்கப் பார்வையில் திரைப்படம்’ எழுதுகிற நான்.

பதினோரு ஆண்டுகளாக ஒரு வெற்றிப்படத்தையும் விட்டதில்லை. முதல் நாள், முதல் வரிசை. முதல் வரிசை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால்தான் பாவம் பெரிதாகத் தெரியும். கையில் குறிப்பேடு, வாயில் சின்ன டார்ச். நாயகன் பொய் சொன்னால் ஒரு கோடு. நாயகியோடு மழையில் நனைந்தால் இரண்டு கோடு, குடை இருந்தால் ஒன்று. நான் கண்டிக்கிற படங்களுக்கு எங்கள் பங்கு மக்கள் குடும்பத்தோடு கிளம்பிப் போகிறார்கள். என் எச்சரிக்கையை நேரில் சரிபார்க்கும் ‘பக்தி’ என்றே அதை எடுத்துக்கொள்கிறேன்.

இந்தத் திருப்பணிக்காக நான் துறந்தவை ஏராளம். அவற்றில் என் தம்பியும் ஒருவன்.

தம்பி எலக்ட்ரீசியன். மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு படத்தில் கோயில் உண்டியலைத் திருடுகிறவனாக நடித்தான். கூடப்பிறந்தவன் என்றும் பாராமல் எழுதினேன்: ‘இவர் முகத்தைப் பார்த்தால் நடிப்பதாகவே தெரியவில்லை.’ நடுநிலை என்றால் இதுதான். அன்றிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. கோயிலில் என் பக்கத்தில் உட்காருவதை விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான்.

போன சனிக்கிழமை மனைவி ஆரம்பித்தாள்.

“நாளைக்கு உங்க தம்பி பொண்ணுக்குப் புதுநன்மை. அதுக்கும் போகலேன்னா அந்த உறவு அதோட முடிஞ்சுது.”

“அவன் கூப்பிடலையே.”

“அந்தப் புள்ள வந்து கூப்பிட்டுச்சு. பெரியப்பா வருவாரான்னு ரெண்டு தடவ கேட்டுச்சு. நீங்கதான் நோட்டுல படத்துக் கொலைய எண்ணிக்கிட்டு இருந்தீங்க.”

விஷயம் முற்றிவிட்டதால் அன்று மாலையே பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளிட்டேன்.

“பதினேழு கொலை, நாற்பத்திரண்டு பொய், ஒரு ஆள்கடத்தல்” என்றேன்.

தட்டிக்கு அப்பால் பங்குத்தந்தைக்கு இருமல் வந்தது. “எப்போ?”

“நேத்து மேட்னி ஷோவுல, ஃபாதர்.”

“அதெல்லாம் ஹீரோ பண்ணது. நீங்க என்ன பண்ணீங்க?”

யோசித்துப் பார்த்தேன். இருக்கிற வேலைப்பளுவில் சொந்தமாகப் பாவம் செய்ய எனக்கு எங்கே நேரம்? அதைப் பணிவோடு எடுத்துச் சொன்னேன்.

“சரி, உங்க தம்பி கடைசி பெஞ்சுல உட்கார்றத மூணு வருஷமா நானும் பாக்கறேன். நாளைக்குப் பூசையில அவர் பக்கத்துல போய் உட்காருங்க. அதுதான் பரிகாரம்.”

“அதுக்குப் பதிலா அம்பது ஜெபமாலை சொல்லிடறேனே, ஃபாதர்?”

“நூறு சொன்னாலும் செல்லாது. அவர் பக்கத்துல போய் உட்காருங்க.”

மறுநாள் போய் உட்கார்ந்தேன். தம்பி மகள் முதல்முறையாக நற்கருணை வாங்க வெள்ளை உடையில் முன்னால் நின்றாள். அவன் அன்றும் கடைசி பெஞ்சில்தான் இருந்தான், என்னைப் பார்த்ததும் ஒரு முழம் நகர்ந்தான். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. எல்லாரும் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிக் கும்பிட்டார்கள். எனக்குக் கை எழவில்லை. அவன்தான் முதலில் கும்பிட்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்:

“ஏண்ணா, கடைசி சீனப் பத்தி ஒரு வார்த்தைகூட எழுதல?”

“எந்த சீன்?”

“திருடினவன் உண்டியலத் திரும்பக் கொண்டுவந்து வெச்சிட்டு, முழங்கால் போட்டு அழுவானே, அது. அழுறதுக்கு டைரக்டர் சொல்லிக் குடுத்தாரு. முழங்கால் போட யாரும் சொல்லித் தரல. சின்ன வயசுல உன் பக்கத்துல நின்னு பாத்ததுதான். நீ பாத்தா சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன்.”

வாசகர்களே, என் விமர்சன முறையின் மேன்மையை இங்கே விளக்கியாக வேண்டும். பதினோரு ஆண்டுகளில் ஒரு படத்துக்கும் நான் இடைவேளைக்குப் பிறகு உட்கார்ந்ததே இல்லை. எனக்கு வேண்டிய பாவமெல்லாம் முதல் பாதியிலேயே கிடைத்துவிடும். மனம் திரும்புவதெல்லாம் இரண்டாம் பாதியில்தான் என்பது தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.