பத்தொன்பது கற்றாழையும் ஒரு மாமியும்

வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாதவர்களுக்கு அரிய தாவரங்களைத் தேடும் வேலையைக் கொடுக்கக் கூடாது. எனக்குக் கொடுத்தார்கள்.

முல்லைத்தீவுக் கரையோர மணலில் காட்டுக் கற்றாழை எங்கே, எத்தனை மிச்சம் என்று கணக்கெடுக்க வேண்டும். ஆறு மாத ஒப்பந்தம். கடைசி வாரம் வவுனியாவிலிருந்து மேலதிகாரியான பெரிய சேர் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் வேலை நீடிக்கும். இல்லாவிட்டால் வீட்டில் மாமியோடு வெங்காயம் உரிக்க வேண்டியதுதான்.

ஐந்தரை மாதம் வெயிலில் காய்ந்து கருவாடாகி, உடைந்த கிணறு ஒன்றின் பக்கத்தில் பத்தொன்பதே பத்தொன்பது செடிகளைக் கண்டுபிடித்தேன். ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கத் தகட்டைக் கட்டினேன். அதோடு பேசாமல் இருந்திருக்கலாம். முள்ளியவளையில் வீட்டுக்கு வந்ததும் குசினி அடுப்படியில் நின்று மாமியிடம், அதாவது என் கணவரின் தாயாரிடம், அளக்கத் தொடங்கினேன்.

“மனிசற்ர கையே படாத செடியள், மாமி! இந்தப் பக்கம் வேற எங்கையும் இல்லை. எல்லாத்துக்கும் நம்பர் போட்டாச்சு.”

“கையே படாததோ?” என்றார் மாமி. (அந்தக் குரலிலேயே நான் உசாராகியிருக்க வேண்டும்.) “எவடத்திலை பிள்ளை?”

கிணற்றிலிருந்து எத்தனை அடி என்பது வரை சொன்னேன்.

அடுத்த திங்கட்கிழமை சேர் வந்தார். நான் பெருமையாக முன்னே நடந்தேன். கிணறு இருந்தது. பக்கத்தில் பத்தொன்பது குழிகள் இருந்தன.

“மாடு திண்டிருக்கும், சேர்.”

“மண்வெட்டி கொண்டு வந்த மாடோ?”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சேர் பாவம் பார்த்து, “முதல்ல ஒரு தேத்தண்ணி குடிப்பம், வாரும்” என்றார். கடை தூரம் என்று (என்ன புத்தியோ!) வீட்டுக்கே கூட்டிப்போனேன்.

எங்கள் ஒழுங்கை முழுக்க வீட்டுத் திட்டத்தில் கட்டிய புது வீடுகள். புது வீட்டுக்குக் கண்ணூறு படாமல் வாசலில் கற்றாழையைத் தலைகீழாகத் தொங்கவிடுவது எங்கள் வழக்கம். அன்று வாசலுக்கு ஒன்று தொங்கியது. எங்கள் வாசலில் தொங்கியதன் தகடு சேரின் மூக்கில் இடித்தது. இலக்கம் ஏழு. என் கையெழுத்தேதான்.

மாமி வாயெல்லாம் பல்லாக வந்தார். “வாங்கோ சேர்! எல்லாருக்கும் ஒழுங்காக் குடுத்தாச்சு. ஒரு குறையும் இல்லை.”

“என்னத்தைக் குடுத்தது?”

“பிள்ளை நம்பர் போட்டு வைச்சவா எல்லோ! கை படாத செடி கண்ணூறுக்குத் திறம். லாண்ட்மாஸ்டர் உழவு மிசின் பிடிச்சுப் போய்க் கிண்டிக்கொண்டு வந்து, நம்பர்ப்படி நான்தான் பிரிச்சுக் குடுத்தனான்.”

ஆதாரமாக ஒரு கொப்பியையும் நீட்டினார். பத்தொன்பது பேர், பத்தொன்பது இலக்கம், பதினெட்டுக் கையெழுத்து, ஒரு கைநாட்டு. (யுத்தத்தில் இடம்பெயர்ந்து முகாம்களில் வருடக்கணக்காக வரிசையில் நின்று வாளியும் தறப்பாளும் வாங்கிய சனத்துக்கு, நம்பர் போட்ட சாமான் என்றால் அது நிவாரணம்தான்.)

சேர் கொப்பியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “உம்மட அறிக்கையை விட இது திறம்” என்றார்.

கொப்பியோடு வீடு வீடாக ஏறி இறங்கினோம். “அப்ப இதுக்குப் பதிலா என்ன தருவியள்?” என்று எல்லோரும் கேட்டார்கள். கடைசியில், அதே கண்ணூறுக்குத் தொங்கவிட ஆளுக்கொரு நீற்றுப்பூசணிக்காய்க்கு இணங்கினார்கள். திருப்பித் தந்ததற்கும் மாமி கையெழுத்து வாங்கினார். கற்றாழை லேசில் சாகாத சாதி என்பதால் பத்தொன்பதையும் அன்று பின்னேரமே பழைய குழிகளில் நட்டுவிட்டோம்.

பிறகு சேருக்கு முன்னால் இருந்து படிவத்தை நிரப்பினேன். வாழிடம்: கடற்கரை மணல். நிலை: அருகி வருவது. அச்சுறுத்தல் என்ற கட்டத்தில் பேனை நின்றுவிட்டது.

“உள்ளதை எழுதும்” என்றார் சேர்.

‘மாமி’ என்று எழுதினேன்.

வேலை நீடித்தது. “உம்மை நிப்பாட்டினா மாமியை ஆர் பாக்கிறது?” என்று சேரே காரணமும் சொன்னார். போகும்போது மாமியிடம், “உங்களையும் அறிக்கையில சேர்த்திருக்கு, அம்மா” என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனார்.

இன்றைக்கும் கலியாண வீடுகளில் மாமி, “கற்றாழை அறிக்கையில நானும் இருக்கிறன், தெரியுமோ?” என்று தொடங்குவார். எங்கள் வீட்டார் எல்லோரும் குனிந்து இலையைப் பார்ப்பார்கள். எந்தக் கட்டத்தில் என்று மாமிக்கு மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கும் ஒரே விஷயம் அதுதான்.