என் கையால் தந்தால்தான் சாப்பிடும்

கௌசல்யாவைக் குழந்தைகள் இல்லத்திலிருந்து துரத்திவிட்டார்கள் என்று தெருவெல்லாம் பேசுகிறார்களே, துரத்தப்பட்டவள் வாசலில் நின்று செருப்பு வாரை நிதானமாகச் சரிசெய்து மாட்டிக்கொண்டு வருவாளா? தானாகத்தான் வந்தாள். தன் காலால் நடந்துதான் வந்தாள். மாவு மில்லில் டப்பாவை வரிசையில் வைத்துவிட்டு மாயக்காள் அவிழ்த்துவிடுகிற கதைகளை நம்புகிறவர்கள் நம்பட்டும். திங்கட்கிழமை, "பவுடர் டப்பாவைத் தூக்கிட்டாளாம், கையும் களவுமாப் பிடிச்சுட்டாகளாம்" என்றாள். புதன்கிழமை, "வேதத்துல சேந்துட்டா, இனிமே பொட்டு வைக்க மாட்டா பாரு" என்றாள். சனிக்கிழமை மில்லில் கூட்டம் அதிகம், காத்திருக்கிற நேரமும் அதிகம். அதற்கேற்றபடி கதையும் வளர்ந்து, "பிள்ளையைத் தனக்கே குடுங்கன்னு மல்லுக்கு நின்னாளாம்" என்று வந்து நின்றது. முதல் இரண்டும் சுத்தப் பொய். மூன்றாவதில் கால்வாசி உண்மை உண்டு. அது வருகிற இடத்தில் வரும்.

கௌசல்யா திருடியும் இல்லை, சண்டைக்காரியும் இல்லை. அவள் ஒரு இனம். ‘என் கையால் தந்தால்தான் சாப்பிடும்’ என்கிற இனம். நீங்கள் பார்க்காததா? கோயில் யானைக்குப் பழம் நீட்டினாலும், தெருநாய்க்கு பிஸ்கட் போட்டாலும், கட்டிய புருஷனுக்கு ரசம் ஊற்றினாலும் இந்த இனத்துக்கு ஒரே நம்பிக்கைதான்: வாங்குகிற வாய்க்குப் பசி என்று ஒன்று கிடையாது, கொடுக்கிற கையைப் பார்த்துத்தான் அது திறக்கும். இதில் ஆண் பெண் பேதமில்லை. வயது வரம்பும் இல்லை. ஆனால் ஐம்பதைத் தாண்டி, பெற்ற பிள்ளை வெளியூரில் கண்ட இடத்தில் சாப்பிட்டும் கொழுகொழுவென்று இருப்பதைப் போட்டோவில் பார்த்த பிறகுதான் இந்தக் குணம் நன்றாகப் பழுக்கும்.

கௌசல்யாவின் மகன் முகேஷ்குமார் எட்டாம் வகுப்பு வரை அவள் ஊட்டினால்தான் சாப்பிடுவான். இது அவள் சொன்னது. அவனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வான். இப்போது ஓசூரில் கம்பெனி கேன்டீனில் சாப்பிட்டு ஆறு கிலோ கூடியிருக்கிறான். அந்த ஆறு கிலோவை அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் ரேஷன் கடை வரிசையில் சிஸ்டர் ரோசலினைப் பார்த்தாள். மதுரை ரோட்டுக்கு உள்ளடங்கிய தெருவில், வேப்பமரம் நிற்கிற காம்பவுண்டுக்குள் நடக்கும் குழந்தைகள் இல்லத்துக்கு அவர்தான் பொறுப்பு. தொட்டிலில் போட்டுவிட்டுப் போனது, பஸ்ஸில் யார் மடியிலோ கொடுத்துவிட்டு இறங்கிப் போனது, பிறந்த ஈரத்தோடு துண்டில் சுற்றி வந்தது என்று மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பதினைந்து அங்கே. "வாரத்துல ரெண்டு நாள் வந்தாப் போதும்மா. துணி அலசணும், சோறு ஊட்டணும்" என்றார் சிஸ்டர். கௌசல்யா தலையாட்டினாள். இரண்டில் முதல் வேலையை அந்த வரிசையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

இல்லத்தில் சிவனம்மாள் ஆயா சோறு ஊட்டுவதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். ஐந்து பிள்ளைகளைச் சுவரோரம் கால் நீட்டி வரிசையாக உட்கார வைப்பாள். எதிரே ஒரு கும்பா பருப்புச் சோறு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஆளுக்கு ஒரு உருண்டை. வாய் திறந்திருந்தால் உருண்டை உள்ளே போகும். மூடியிருந்தால் அடுத்த வாய்க்குப் போகும். மூடியவர் மறு சுற்று வரை காத்திருக்க வேண்டியதுதான். கதை கிடையாது, காக்காய் கிடையாது, கெஞ்சல் கிடையாது. கால் மணி நேரத்தில் கும்பா காலி.

முதல் நாள் இதைப் பார்த்த கௌசல்யா மார்பில் கை வைத்தாள். "என்னக்கா இது, மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைக்கிற மாதிரி வைக்கிறீக."

"மாட்டுக்கு ஒரு வாயி. எனக்கு அஞ்சு வாயி தாயி" என்றாள் சிவனம்மாள், கை நிற்காமல்.

அந்த வரிசையிலிருந்து கௌசல்யா ஒரு பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இரண்டு வயதுப் பெண். சிஸ்டர்கள் வைத்த பெயர் வினோலியா. கௌசல்யா அதை மீனா என்று மாற்றினாள். சாயங்காலம் சிறுமலை வாழைப்பழத்தோடு வருகிற ஓய்வுபெற்ற வாத்தியார் பாஸ்கல் அதே பிள்ளையை ரோஸி என்று கூப்பிட்டார். பிள்ளை மூன்று பெயருக்கும் திரும்பிப் பார்த்தது. விவரமான பிள்ளை.

கௌசல்யா ஊட்டுகிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கைப்பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு நெய் பாட்டிலை எடுத்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் பார்க்கச் சோற்றில் கவிழ்த்து, பிள்ளையை வேப்பமரத்தடிக்குத் தூக்கிப் போய், முதல் வாய்க்குக் காக்காயைக் காட்டி, இரண்டாம் வாய்க்கு அணிலைக் காட்டி, மூன்றாம் வாய்க்குத் தூரத்தில் போகிற ரயிலைப் போலக் கூவி, நான்காம் வாய்க்கு டிபன் மூடியைத் தலையில் கவிழ்த்து இடுப்பை ஒடித்து ஆடி, ஐந்தாம் வாய்க்குள் அவளுக்கே மூச்சு வாங்கிவிடும். முட்டிவலிக்கு ராத்திரி தைலம் தேய்க்கிறவள் இவள்தான். ஒரு மணி நேரத்தில் ஐந்து வாய். அந்த ஒரு மணி நேரத்தில் சிவனம்மாள் பத்துப் பிள்ளைகளை முடித்துத் தூங்கவும் வைத்திருப்பாள்.

ஆனால் இந்த இனத்துக்குக் கணக்கு வேறு. பிள்ளை சதை போட்டால், "என் சோறு." இளைத்தால், "நேத்து நான் வரல்ல." காய்ச்சல் வந்தால், "வேற யாரோ தூக்கிருக்காக, கண்ணு பட்டுருச்சு" என்று கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. வாரம் இரண்டு நாள் தினமும் ஆனது. வடமதுரையில் சொந்த நாத்தனார் மகள் கல்யாணத்தில் பந்திக்குக்கூட உட்காராமல் எழுந்து, "அங்க ஒரு ஜீவன் எனக்காக வாயைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு" என்று பஸ் ஏறினாள். வீட்டில் அவள் புருஷன் சோலைமுத்து தோசை சுடப் பழகிக்கொண்டார். முதல் வாரம் கருகியது. இரண்டாம் வாரம் அவள் சுடுவதைவிட நன்றாக வந்தது. அதை அவர் வெளியே சொல்லவில்லை. நெடுநாள் குடும்பம் நடத்தியவர்.

ஒருமுறை பழனிக்குப் போனவள் மலை ஏறி முடித்ததும் சாமி கும்பிடுவதற்கு முன் போன் போட்டாள். "அக்கா, சாப்பிட்டாளா?"

"இல்ல தாயி. வாயே திறக்கல்ல" என்றாள் சிவனம்மாள்.

அன்றைக்குக் கௌசல்யா முருகனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே கிடைத்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில்தான் மாயக்காள் சொன்ன கால்வாசி உண்மை நடந்தது. "இங்கருங்க, அந்தப் பிள்ளையை நாமளே எடுத்துக்கிட்டா என்ன?" என்று புருஷனிடம் கேட்டாள்.

சோலைமுத்து தோசையைத் திருப்பிப் போட்டார். "உனக்கும் எனக்கும் சேத்து நூத்திப் பதினெட்டு வயசு. பள்ளிக்கூடத்துல இருந்து அது நம்மளைக் கையப் பிடிச்சுக் கூட்டியாருமா?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. இல்லத்தில் யாரிடமும் அவள் மல்லுக்கு நிற்கவில்லை.

பிறகு ஒரு திங்கட்கிழமை, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மணிமாறன், சுகன்யா என்று ஒரு தம்பதி வந்தார்கள். கல்யாணமாகி ஒன்பது வருஷம்; தத்துக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தது மூன்று வருஷம். வினோலியாவின் போட்டோவை போனில் பார்த்துப் பார்த்து அதன் கன்னமே தேய்ந்திருக்கும். வெள்ளிக்கிழமை வரைக்கும் லீவு போட்டு, லாட்ஜில் அறை எடுத்திருந்தார்கள். அதற்குள் பிள்ளையோடு பழகிப் பார்த்து, சம்மதமா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

"இந்த வாரம் வெளியாள் யாரும் வர வேணாம். பிள்ளை அவங்களோட ஒட்டட்டும்" என்றார் சிஸ்டர். பாஸ்கல் வாத்தியார் பழத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கௌசல்யா போவாளா?

"பட்டினி கெடக்கும் சிஸ்டர் அது. எப்படி ஊட்டணும்னு அந்தப் பொண்ணுக்குக் காட்டிக் குடுத்துட்டுப் போயிர்றேன். ஒரே ஒரு நாளு."

சிஸ்டர் பெருமூச்சு விட்டார். "ஒரு நாள்தான்மா."

ஒரு நாள் மூன்று நாளானது.

"உருண்டை பெருசு தாயி. சின்னதா உருட்டு. அம்புட்டுச் சின்னதும் இல்ல. காக்காயைக் காட்டு. அங்க இல்ல, இந்தப் பக்கம் பாரு. மூடியை எடுத்துத் தலையில வையி. சும்மா வச்சா எப்படி, ஆடணும்ல" என்று கௌசல்யா பின்னாலேயே நின்றாள். சுகன்யா கூச்சக்காரி. ஒரு கையில் சோறும் மறு கையில் மூடியுமாக வானத்தில் காக்காய் தேடினாள். பிள்ளை அவளைத் தாண்டிக் கௌசல்யாவைப் பார்த்தது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டது.

"அய்யோ பாவம்" என்றாள் கௌசல்யா. வாய்தான் பாவம் என்றது. உள்ளே யாரோ அவளுக்குச் சர்க்கரை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் சுகன்யா குழாயடியில் நின்று, காய்ந்த பருக்கைகளைக் கையிலிருந்து கழுவிக்கொண்டே அழுதாள். "என்னைப் பிடிக்கலைங்க அவளுக்கு. அப்படியே முகத்தைத் திருப்பிக்கிறா."

மணிமாறன் துண்டை நீட்டினான். "கட்டாயப்படுத்த வேணாம் சுகன்யா. நாளைக்கு வெள்ளி. ஒட்டலைன்னா சிஸ்டர்கிட்ட சொல்லிட்டுக் கிளம்பிடுவோம்."

கௌசல்யாவுக்கு அது கேட்டது. அவர்கள் போய்விட்டால் மீனா இங்கேயே இருப்பாள் என்று மனசு துள்ளியது. துள்ளிய மனசு உடனே கீழே விழுந்தது: அவர்கள் போய்விட்டால் மீனா இங்கேயே இருப்பாள். மூன்று வயதானதும் வேறு ஊரில் பெரிய விடுதி. அங்கே எந்த வேப்பமரத்தடியில், யார் மூடியைக் கவிழ்த்து ஆடப் போகிறார்கள்?

துணி துவைக்கிற கல்லுக்குப் போனாள். "அக்கா, எங்கையில மட்டும்தான் திங்கிறா. நான் என்னதான் செய்ய?"

"யாரு சொன்னா?" என்றாள் சிவனம்மாள்.

"நீங்கதானக்கா சொன்னீக. பழனியில இருந்து கேட்டேன்ல."

"வாத்தியார்கிட்டயும் அதத்தான் சொல்லுவேன். ஞாயித்துக்கிழமை வர்ற காலேஜுப் பிள்ளைககிட்டயும் அதத்தான் சொல்லுவேன். அப்படிச் சொன்னாத்தான் மறுக்காவும் வாராக. வந்தா ரெண்டு வாளித் துணி அலசுறாக." ஒரு துணியைப் பிழிந்து உதறினாள். "நீ மட்டும்தான் அதையும் அலசுறதில்ல."

கௌசல்யா கல்லைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப, அன்னைக்கு?"

"நீ பழனிக்குப் போன அன்னைக்கா? மூணு உருண்டை கூடக் கேட்டுச்சு. பூந்தொட்டி மண்ணையே திங்கிது தாயி அது."

"பெறகு ஏன்க்கா அந்தப் பொண்ணுகிட்ட வாயத் திறக்க மாட்டேங்குது?"

"நீ நிக்கிறல்ல. வாயத் திறந்தா சோறு முடிஞ்சிரும். சோறு முடிஞ்சா நீ ஆடுறது நின்னுரும். அதுக்குத் தெரியாதா? வெவரமான கழுத."

கௌசல்யா சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சிவனம்மாள் சொன்னதை ஒப்புக்கொள்ளவில்லை. இன்று வரைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பிடிவாதம் அவளோடு பிறந்தது. ஆனால் சமையற்கட்டுக்குப் போய் ஐந்து பிள்ளைகளுக்கும் பிசைந்து வைத்திருந்த கும்பாவில் நெய் பாட்டிலை முழுசாகக் கவிழ்த்தாள். மீனாவைத் தூக்கி வந்து சுவரோரம், மற்ற நான்கு பிள்ளைகளுக்கு நடுவே, மூன்றாவதாக உட்கார வைத்தாள். சுகன்யாவின் கையில் கும்பாவைக் கொடுத்தாள்.

"அஞ்சு பேருக்கும் நீயே குடு தாயி. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு. மூடுன வாய்கிட்ட நிக்காத. கெஞ்சாத."

"நீங்க பக்கத்துல இருங்கம்மா" என்றாள் சுகன்யா.

"எனக்கு வீட்ல வேலை கெடக்கு" என்றாள் கௌசல்யா. அவள் வீட்டில் தோசைகூட வேறு ஆள் சுட்டுக்கொண்டிருக்கிறார்.

பிள்ளை அவளைப் பார்த்தது. மூடி தலைக்கு ஏறுகிற நேரம் என்று காத்திருந்தது. கௌசல்யா பார்க்காதவள் போல் திரும்பி நடந்தாள். வாசல் தாண்டினாள். அங்கே செருப்பை மாட்டினாள். வார் சரியாகத்தான் இருந்தது. கழற்றினாள். மறுபடி மாட்டினாள். குனிந்து இழுத்துப் பார்த்தாள்.

உள்ளே முதல் சுற்று போனது. இரண்டாம் சுற்று போனது. நெய் வாசம் வாசல் வரைக்கும் வந்தது. மூன்றாம் சுற்றில் ஒரு சின்னக் குரல், "எனக்கு" என்றது.

"வாங்கிட்டா பாருங்க, என் கையில வாங்கிட்டா" என்று சுகன்யா சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. மணிமாறன் சிரித்த சத்தம் கேட்டது.

கௌசல்யா வாரை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது. "இம்புட்டுச் சீக்கிரமாவா" என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். பிறகு தெருவில் இறங்கி நடந்தாள்.

அந்தச் செருப்பைத்தான் மாயக்காள் வகையறா பார்த்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் சிரிக்கட்டும். உங்களுக்கு மட்டும் ஒன்று: கல்யாணம், காதுகுத்து என்று மூன்று நாள் வெளியூர் போய்த் திரும்பி, வாசலிலேயே, "நான் இல்லாம ஒழுங்காச் சாப்பிட்டீகளா?" என்று கேட்டு, "நல்லாச் சாப்பிட்டோமே" என்று வீட்டிலுள்ளவர்கள் சொன்னபோது, சந்தோஷம் வருவதற்கு முன்னால் செத்த நேரம் வேறு ஏதோ வந்துவிட்டுப் போனதா? இல்லையென்றால் நல்லது. வந்ததென்றால் உங்கள் செருப்பு வாரையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.