தம்பிக்கு ஒரு பாஸ்

"கையெழுத்துப் போட ஆள் எங்கே ஓய்? சொந்தக்காரன் சம்மதிக்காமல் நான் மயக்க மருந்து கொடுக்க முடியாது!" என்று டாக்டர் கத்தினார்.

குமாஸ்தா பக்தவச்சலம் வாசலைப் பார்த்தார். துறைமுகத்தில் இரும்புக் கொக்கி தாடையில் அடித்து விழுந்தவனைத் தூக்கிவந்த கூலிகள், "பேரு துரை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கப்பல் வேலைக்கு ஓடிவிட்டார்கள். ராயபுரத்து அந்தத் தர்ம ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷமாக நோயாளிகளைப் பதிவு செய்கிறவர் அவர். ஆளில்லாதவனுக்கு என்ன செய்வது என்று அவருடைய ரிஜிஸ்தரில் ஒரு வரிகூடக் கிடையாது.

துரை ரத்தமாகக் கிடந்தான். பக்தவச்சலம் பேனாவை மையில் தோய்த்து, உறவினர் கட்டத்தில் 'தம்பி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மற்றக் கட்டங்கள் காலியாக இருந்தால் வம்பு. எனவே தகப்பனார் பெயருக்குத் தம் தகப்பனார், விலாசத்துக்கு வண்ணாரப்பேட்டையில் தாம் குடியிருக்கும் ஒற்றை அறை, விவாகத்துக்கு 'ஆகவில்லை'.

எழுதியதை ஒரு தடவை வாசித்துப் பார்த்துக்கொண்டார். போன வருஷம் விஷ ஜுரத்தில் அவரே இங்கே படுத்தபோது உறவினர் கட்டத்தில் வெறும் கோடுதான் இழுத்திருந்தது. ஹோட்டலில் தின்றுவிட்டு, அறைக்குப் போய், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிற மனுஷருக்கு 'தம்பி' என்ற சொல் இனித்தது.

மறுநாள் காலை நர்ஸ் ஞானசெல்வி பிடித்துக்கொண்டாள்.

"இன்னா ரைட்டரே, அண்ணனுக்கு மீசை கருகருன்னு கீது. தம்பிக்குத் தலை நரைச்சிப் போச்சே?"

"அண்ணனுக்குக் கவலை கிடையாது சிஸ்டர்."

"அவரு கழுத்துல அந்தோணியார் சுரூபம் கீது. உங்க நெத்தியில நாமம் கீது."

பக்தவச்சலம் நாமத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அது... எங்க அம்மாவோட வேண்டுதல்."

"அப்ப சாயங்கால ஜெபத்துக்கு நீங்களும் முட்டி போடுங்க. தாடையக் கட்டியாச்சு, கஞ்சித் தண்ணிதான் எறங்கும். அதையும் சொந்தக்காரங்கதான் கொண்டாரணும்."

வாழ்நாளில் அடுப்பு மூட்டாதவர் மண் அடுப்பும் சட்டியும் வாங்கினார். முதல் நாள் கஞ்சி தீய்ந்தது; இரண்டாம் நாள் விரல் தீய்ந்தது. மூன்றாம் நாள் சுடச்சுடக் கொண்டுபோனபோது ஞானசெல்வி வார்டு வாசலில் மறித்தாள்.

"ரைட்டரா வந்தா ஆபீசோட நில்லுங்க. தம்பியா வந்தா பாஸ் காட்டுங்க. ஒரு நோயாளிக்கு ஒரு பாஸு. நாலு மணிலேந்து ஆறு மணி."

பாஸ் எழுதுகிறவரும் அவர்தான். ஆபீசுக்குப் போனார், மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று விண்ணப்பம் கொடுத்தார், அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து அதைப் பரிசீலித்தார், மறுபடி இந்தப் பக்கம் வந்து பாஸை வாங்கிக்கொண்டார். நோயாளியின் ரிஜிஸ்தர் விவரம் முழுவதையும் பாஸ் கொடுத்ததையும் வாசல் காவலாளி கலீலுல்லாவுக்குச் சீட்டெழுதி அனுப்பவும் மறக்கவில்லை.

துரைக்கு நினைவு தெளிந்தது. தலையைச் சுற்றி இறுக்கிய கட்டுக்குள்ளிருந்து "ம்ம்! ம்ம்ம்!" என்ற சத்தம் மட்டும் வந்தது. எழுதத் தெரியாதவன். பக்தவச்சலத்தைப் பார்ப்பான், ஜன்னலுக்கு வெளியே வாசலைக் காட்டுவான், கண் கலங்குவான்.

"நான் எங்கயும் போவல அண்ணாத்தே. ஆறு மணி வரிக்கும் இங்கதான் கீறேன்" என்று பக்தவச்சலம் அவன் கையைத் தடவிக்கொடுப்பார்.

ஐந்தாம் நாள் துரை அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினான். பொத்தான் இரண்டு தெறித்தது.

"உங்க மேல இன்னா பாசம்!" என்று ஞானசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் கஞ்சியை அவர் தலையிலேயே கொட்டினான். உப்புக் குறைவு போலும் என்று ஒன்பதாம் நாள் உப்பை இரட்டிப்பாக்கினார். அன்று கிண்ணமும் சேர்ந்து வந்தது. பக்தவச்சலத்துக்கு வருத்தமே இல்லை. இத்தனை வருஷத்தில் அவர் மேல் கோபித்துக்கொள்ளக்கூட ஒரு மனிதர் வாய்த்ததில்லை. மறுநாள் நெற்றி வீக்கத்தைத் தடவியபடி, சாயங்காலம் எப்போது நாலு மணியாகும் என்று ஆபீஸ் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வீட்டுக்கு அழைத்துப் போகலாம் ஓய். கட்டுப் பிரிக்க இன்னும் பதினைந்து நாள் ஆகும்" என்றார் டாக்டர், பன்னிரண்டாம் நாள்.

அன்று பக்தவச்சலம் ஒரு பாய் வாங்கினார், ஒரு தட்டு வாங்கினார். அறையை இரண்டு தடவை பெருக்கினார். இரண்டு பாயையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்துவிட்டு, நடுவே கொஞ்சம் இடம் விட்டார்; அண்ணன் புரண்டு படுப்பவனாக இருந்தால்?

மறுநாள் சாயங்காலம் துரையின் தோளைத் தாங்கிக்கொண்டு முன்வாசல் வழியே கிளம்பினார். "நம்ம வூட்டுக்குப் போவலாம் அண்ணாத்தே. இனிமே பாஸும் வாணாம், மணியும் வாணாம்."

துரை முண்டினான், திமிறினான், வாசலைப் பார்த்து இழுத்துக்கொண்டு ஓடினான்.

"நம்ம வூட்டுக்கு வர்றதுக்கு இம்மாம் அவசரமா!" என்று பக்தவச்சலம் பூரித்துப்போனார்.

எதிரே கலீலுல்லா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தான்.

"இப்பிடி வராதீங்கோ சார், பின்வாசலா போயிடுங்கோ! ஒருத்தி நாலு புள்ளைங்கள இஸ்துகினு தெனம் நாலு மணிக்கு வந்து, உங்க அண்ணாத்தே தன் புருசன்னு கத்திகினு கீறா. 'கண்ணாலமே ஆவாத மனுசன், பாஸு தம்பிகிட்ட கீது'ன்னு சொல்லி, ஒரு நாள்கூட உள்ள வுடலியே நான்!"