எட்டு மூலைப் பலகையும் ஆறு நிமிடமும்

சாண்ட்லர், அரிசோனா
நவம்பர் 2, ஞாயிறு

மாண்புமிகு ஃபெர்மின் மாமா அவர்களுக்கு, தங்கள் சுழல் நாற்காலியின் ஐந்து கால்களிலும் விழுந்து மருமகள் இட்செல் எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம். அம்மாவின் மாவுக்கட்டு நலம், உள்ளே இருக்கும் கணுக்கால் மட்டும் அரிக்கிறதாம். தங்கை நயேலி நாலு வயதுக்குரிய சகல அட்டூழியங்களோடும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். ஆளில்லா டாக்சிக் கம்பெனியில், சந்தேகம் கேட்கும் வண்டிகளுக்குத் திரையைப் பார்த்துப் பதில் சொல்லும் வேலையில் இடுப்பைத் தவிர வேறென்ன கெடும்?

விஷயம் என்னவென்றால், என் பழகுநர் உரிம விண்ணப்பத்தை அம்மா இன்று காலை படையல் மேடையில் வைத்துவிட்டார். இறந்தவர்களுக்காக முன்னறையில் வைத்திருக்கிறோமே, அதே மேடை. தாத்தா படத்துக்கும் சர்க்கரை மண்டையோட்டுக்கும் நடுவில், சுற்றிலும் சாமந்திப் பூவோடு. “இதுவும் செத்துப்போச்சு, வேண்டிக்கோ” என்றார். பதினெட்டு வயதுவரை கையெழுத்து கிடையாதாம். வரும் சனிக்கிழமை பள்ளியில் கார் ஓட்டும் வகுப்பு தொடங்குகிறது. அம்மாவின் கையெழுத்தும் அதன்மேல் நோட்டரி முத்திரையும் இல்லாவிட்டால் என் இடம் பிரெண்டாவுக்குப் போய்விடும். பிரெண்டா சைக்கிளையே சுவரில் மோதித்தான் நிறுத்துவாள். அம்மாவின் மனத்தை மாற்ற உங்களால்தான் முடியும், ஏனென்றால் தவறு உங்களுடையது. எப்படி என்று சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஹாலோவீன் அல்லவா, வேஷம் கட்டி வீடு வீடாக மிட்டாய் வாங்கும் நாள், என் வேஷம் தெருமுனையில் வண்டிகளை நிற்கச் சொல்லும் நிறுத்தப் பலகை, அசல் அளவு, எட்டு மூலை, சிவப்பு அட்டையில் வெள்ளையாக STOP என்ற எழுத்து, மூன்றாவது எழுத்தின் வட்டத்தில் ஓட்டை போட்டு என் திருமுகம், பார்க்க அழகு, மூச்சுவிட வசதி, நேராகத் தவிர வேறெங்கும் பார்க்க முடியாது என்பது ஒன்றுதான் குறை. நயேலி வவ்வால், தலை முதல் கால்வரை கறுப்பு, என் பொறுப்பு. அவள் மிட்டாய்ப் பை கிழிந்து தெருவெல்லாம் சாக்லேட் சிந்திக்கொண்டே வந்ததால் பக்கத்து வீட்டு வாசலில் மற்ற வாண்டுகளோடு அவளை நிறுத்தி, அசையக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுத்தான் நான் தெருமுனையில் பணியேற்றேன். மனிதர் ஓட்டும் வண்டிகள் சிரித்துக் கையாட்டிவிட்டுப் போயின. உங்கள் வெள்ளை வண்டிகள் மட்டும், அடடா, என்ன வளர்ப்பு மாமா! ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்தன, நின்றன, யோசித்தன, நான் ஓரம்போனதும் புறப்பட்டன. நான் சொல்லி எங்கள் வீட்டு நாய்கூட இதுவரை நின்றதில்லை.

நாலாவது வண்டி நாலே முக்காலுக்கு வந்தது. நின்றது. நான் குனிந்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு நடைபாதையில் ஏறினேன். வண்டி நகரவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், பின்னால் ஒரு சரக்கு வண்டி ஹாரனில் கச்சேரியே நடத்துகிறது, இது அசையக் காணோம். பின்சீட்டு ஜன்னல் கண்ணாடி இறங்கி, “யாரு பெத்த பிள்ளை இது?” என்று ஒரு குரல் கேட்டது. கேட்டது, பெற்றவரே. மாவுக்கட்டுக் காலை இருக்கை முழுக்க நீட்டி, மடியில் என் விண்ணப்பம் உள்ள கவர். எனக்குச் சொல்லாமல் நோட்டரியிடம் போய்க் கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கி, இரவு என் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் வைக்கத் திட்டமாம். நோட்டரி ஐந்து மணிக்குக் கடையை மூடிவிடுவார். அந்த நேரம் பார்த்து வண்டிக்குள் உங்கள் குரல் வந்ததே, அதை மறக்க முடியுமா?

“மேடம், கொஞ்சம் பொறுங்க. வண்டிக்கு முன்னால ஆள் இருக்கு.”

“டேய் ஃபெர்மின், உன் அக்காடா. முன்னால ஈ காக்கா இல்ல, வண்டிய எடு.”

“நான் ஓட்ட முடியாதுக்கா... மேடம். அது கேக்குறதுக்குப் பதில்தான் சொல்ல முடியும். எனக்கும் என்னன்னு தெளிவாத் தெரியல, ஆனா என்னவோ அசையுது.”

அசைந்தது உங்கள் தலையாக இருக்கும். அட்டை ஓட்டை வழியாக நானும் எட்டிப் பார்த்தேன், எதிரே வெறும் காற்று. ஆறு நிமிடம் கழித்து, யாரும் எதுவும் செய்யாமலே, தவம் கலைந்ததுபோல் வண்டி தானாகக் கிளம்பியது. அம்மா போய்ச் சேர்ந்தபோது நோட்டரி கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாராம். தெருவில் வண்டியை மறித்தவளுக்கு வண்டி எதற்கு என்று அன்றிரவே தீர்ப்பும் வந்துவிட்டது.

ஆகவே மாமா, நீதி எது? உங்கள் வண்டிக்கு ஒழுக்கம் உண்டு, ஊகம் கிடையாது. வேஷத்துக்கும் விதிக்கும் வித்தியாசம் தெரியாது, தெரியாவிட்டால் உங்களைக் கேட்கிறது, உங்களுக்கும் தெரியாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிறீர்கள். என்னைப் போன்ற புத்திசாலிகள் ஸ்டியரிங் பிடிக்க வேண்டிய அவசியம் இங்கேதான் வருகிறது. அன்றைக்கு அந்த இடத்தில் நான் ஓட்டியிருந்தால் ஒரே நொடியில் எடுத்துக்கொண்டு போயிருப்பேன். இதை அப்படியே அம்மாவிடம் சொல்லுங்கள். குரலில் கொஞ்சம் அனுபவம் கலந்து சொன்னால் நல்லது.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் இடுப்புக்கு என் ஆறுதல். எல்லாத் திரைகளும் தெளிவாகத் தெரிய வாழ்த்தும்,
இட்செல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அம்மா போனை நீட்டினார். மேலதிகாரியிடம் கேட்டு வாங்கி நீங்கள் அனுப்பிய வண்டிக் கேமராப் படம். முன்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால், அம்மாவுக்கும் எனக்கும் தெரியாத தாழ்வில், ஒரு வவ்வால் குந்தியிருக்கிறது. சிந்திய சாக்லேட்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, நிறவாரியாக அடுக்கி, இரண்டைத் தின்று, ஆறு நிமிடம் கழித்து எழுந்து போகிறது. அம்மா மூன்று தடவை பார்த்தார். பிறகு நயேலியை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

மேலே ‘ஒரே நொடியில்’ என்று ஒரு வரி இருக்கிறது, அதை நீங்களே அடித்துவிடுங்கள். நான் அடித்தால் காகிதம் கிழிகிறது. அம்மாவிடம் பேச வேண்டாம். மேடையில் சரிந்திருந்த விண்ணப்பத்தை நானே தாத்தா பக்கத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டேன். பலகையை நயேலி அளவுக்கு வெட்டி, முன்னும் பின்னும் மாட்டிவிட்டேன். சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டேன் என்கிறாள். முகத்துக்கு ஓட்டை மட்டும் போடவில்லை. தலை முழுக்க வெளியே இருக்கிறது, நாலு பக்கமும் பார்க்கிற மாதிரி.