மூலவர் வாசித்த பேஸ் கிட்டார்

சென்னையில் அவரைவிட அதிகமாக வாசித்தவரும் கிடையாது, அவரைவிடக் குறைவாகக் காதில் விழுந்தவரும் கிடையாது. இரண்டையும் ஒரே மனுஷன் சாதித்தார். அதற்கு ஒரு மெடல் கொடுக்கலாம். கொடுத்தால், "பித்தளை. உப்புக்காத்துல கறுத்துடும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

எங்கள் பேண்டில் அவர் பேஸ் கிட்டார். அது என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். மேடையில் ஆறு கம்பிக் கிட்டாரை வைத்துக்கொண்டு ஒருவர் துள்ளுவார் இல்லையா, அவருக்குப் பின்னால் நாலு கம்பியோடு, ரேஷன் கடை க்யூவில் நிற்கிற முகத்தோடு ஒருவர் நிற்பார். அவர் வாசிப்பதுதான் பேஸ். அது இல்லாவிட்டால் பாட்டு காலி டப்பாவைத் தட்டியது போலிருக்கும். இருந்தால், இருப்பதே யாருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட வேலைக்கு ஆள் கிடைப்பதே பெரிது. கிடைத்த ஆள் சிடுமூஞ்சி என்று குறைபட நமக்கு உரிமை இல்லை.

நாங்கள் நாலு பேர். அரவிந்த் பாட்டும் கிட்டாரும்; ஐ.டி. கம்பெனி, அடையாறில் சொந்த ஃப்ளாட். ஷீலா கீபோர்டு, பள்ளிக்கூட டீச்சர். நான் டிரம்ஸ், வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வாங்குகிற திட்டையெல்லாம் சனிக்கிழமை அடித்துத் தீர்ப்பவன். நாலாவது ஆள் இவர். எங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர், மயிலாப்பூர்க்காரர். அவர் இல்லாதபோது நாங்கள் அவரை 'மூலவர்' என்போம். மேடையில் ஓர் இடத்தில் நின்றால் கடைசிப் பாட்டுவரை நகர மாட்டார். அரவிந்த் உற்சவர், மேடை முழுக்க வீதியுலா போவான்.

ஒரு நிகழ்ச்சியில் அரவிந்த் வாய் தவறி மைக்கிலேயே, "பேஸ் கிட்டார், நம்ம மூலவர்!" என்று அறிவித்துவிட்டான். கூட்டம் சிரித்தது. நான் டிரம்ஸுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவர் முகம் மாறவில்லை. முடிந்து கீழே இறங்கும்போது சொன்னார்:

"உற்சவருக்குக் குடை, மேளம், கற்பூரம். மூலவருக்கு இருட்டு, எண்ணெய்ப் பிசுக்கு. சரியாத்தான் பேர் வெச்சிருக்கேள்."

தொழில் பல் செட் செய்வது. மந்தைவெளியில் ஒரு சின்ன லேப். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், இவர் பல் செய்து கொடுப்பார். மயிலாப்பூரிலும் தி. நகரிலும் அறுபது தாண்டியவர்கள் கல்யாண வீடியோவில் சிரிக்கிற சிரிப்பில் பாதி இவர் கைவேலை. அவர் சிரித்து மட்டும் ஒருவரும் பார்த்ததில்லை.

அவர் பேஸ் வாங்கப் போன நாளில் நான் கூடப் போனேன். கடையில் பத்துப் பையன்கள் பத்து கிட்டாரை ஒரே நேரத்தில் முழக்கிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் பளபளவென்று ஓர் ஐந்து கம்பி பேஸை நீட்டினார்.

"அஞ்சாவது கம்பி எதுக்கு?"

"இன்னும் கீழ்ச் சத்தம் வரும் சார்."

"நாலு கம்பியையே ஒருத்தனும் கேக்கறதில்லை. அஞ்சாவதா ஒண்ணை வெச்சுண்டு நான் யார்கிட்ட சண்டைக்குப் போறது?"

பிறகு மூலையில் கிடந்த ஒரு பழைய பேஸை எடுத்தார். காப்பி டிகாக்‌ஷன் நிறம், அம்மிக் கல் கனம். துப்பாக்கி குறி பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடி, கழுத்து வளைந்திருக்கிறதா என்று பார்த்தார். ஒவ்வொரு கட்டையையும் அழுத்திக் கம்பி எங்கே கரகரக்கிறது என்று தேடினார். அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. சட்டென்று குனிந்து, கிட்டாரின் மேல்கொம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு கம்பியை மீட்டினார்.

"சார்! கடிக்காதீங்க சார்! கஸ்டமர்லாம் பாக்கறாங்க!"

அவர் வாயை எடுக்காமலேயே கண்ணை மூடிக்கொண்டார். பல் வழியாக மண்டைக்குள் சத்தம் ஏறுகிறதாம். பல்லோடு பிழைப்பவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கடைசியில் வாயை எடுத்து, "இது பேசறது" என்றார். கொம்பில் இரண்டு பல் தடம் பதிந்திருந்தது. கடைக்காரருக்கு வேறு வழி இல்லை. அதை இனி வேறு யாரிடமும் விற்க முடியாது.

அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் சாப்பிட வரத் துணியவில்லை. பேஸ் கம்பி தடியானது, மேலே இன்னொரு மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். அந்தச் சுற்றுக்குள் விரல் அழுக்கும் வியர்வையும் ஏறினால் நாதம் செத்துவிடும். கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் கொஞ்ச நாளைக்கு உயிர் வரும். அடுப்பில் நாலு கம்பியும் சுருண்டு கொதிக்க, மூலவர் பக்கத்தில் கரண்டியோடு நிற்பார்.

அவர் மனைவி, எங்களுக்கு மாமி, என்னிடம் முறையிட்டார். "நீங்களே சொல்லுங்கோ. ஆத்துல ஒரு பாத்திரம் பாக்கி இல்லை. போன வாரம் சேவை பிழியலாம்னு மூடியைத் திறந்தா, உள்ளே ஏற்கெனவே சேவை இருக்கு. இரும்புல!"

"அதைக் கிளறினியா?" என்றார் மூலவர் கவலையோடு.

"நான் உங்களைத்தான் கிளறணும்."

கம்பியோடு முடியவில்லை. கிட்டாரின் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. சாவி போட்டு அதைத் திருகினால் கழுத்து நிமிரும், வளையும். சென்னை ஈரத்தில் மரம் ஊறி வளைகிறது, அக்னி நட்சத்திரத்தில் காய்ந்து நிமிர்கிறது என்று அவர் எப்போதும் சட்டைப் பையில் அந்தச் சாவியோடு அலைவார். மழை வரப்போகிறது என்று ரேடியோ சொல்வதற்கு முன்னாலேயே பேஸ் சொல்லிவிடும் என்பார். ஒரு தரம் அப்படிச் சொல்லி எங்களைக் குடையோடு வரச் செய்தார். மண்டையைப் பிளக்கிற வெயில். "மழை வரலைன்னா அது மழையோட தப்பு" என்றார்.

சனிக்கிழமை மத்தியானங்களில் அரவிந்தின் நாலாவது மாடி ஃப்ளாட்டில் பயிற்சி. அங்கே மற்ற மூன்று பேர் சத்தத்தில் பேஸ் அவர் காதிலேயே விழாது. ஆனால் பேஸுக்கு ஒரு கெட்ட குணம், சுவரில் இறங்கி நடக்கும். ஒரு நாள் கதவு தட்டப்பட்டது. மூன்றாவது மாடி அம்மாள், இடுப்பில் கை.

"என்ன பண்றீங்க மேலே? எங்க ஷெல்ஃபுல எவர்சில்வர் எல்லாம் ஆடுது!"

நாங்கள் மூவரும் மன்னிப்புக் கேட்டோம். மூலவர் கிட்டாரைக் கழற்றிவைத்துவிட்டு வாசலுக்கு ஓடினார்.

"எந்தப் பாட்டுக்கு ரொம்ப ஆடித்து?"

அந்த அம்மாளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், சங்கத்தில் புகார் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மூலவர் திரும்பி வந்து பேஸை மாட்டிக்கொண்டார். "இந்த ஊர்ல ஒரே ஒருத்தர் என்னைக் கேக்கறா. அவாளுக்கும் பிடிக்கலை" என்றார். அன்று முழுக்க நன்றாக வாசித்தார்.

இனி நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் கசக்கிறது.

தி. நகரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். பெரிய மண்டபம், சின்ன மேடை. தனி ஸ்பீக்கர் வைக்க இடமில்லாததால் எல்லோருடைய வயரும் நேராக சவுண்டுக்காரரிடம் போனது. கூட்டம் பந்திக்கும் மேடைக்கும் இடையில் அலைந்தது. நாங்கள் வாசித்தோம். பேஸ் கேட்கவில்லை; அது எனக்குப் புதிதல்ல. நான் எப்போதும் போல இடது பக்கம் திரும்பி அவர் விரலைப் பார்த்தே அடித்தேன். அவர் விரல் விழுகிற இடத்தில் என் கால் விழும். எங்களுக்குள் அதுதான் பேச்சு.

முடிந்து வயர் சுற்றும்போது சவுண்டுக்காரரிடம், "பேஸ் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"எது, அந்தப் பெர்ய சார் வாசிச்சாரே, அத்தையா? அத்த மொதப் பாட்லயே ஆஃப் பண்ட்டேன் சார். பொண்ணோட அப்பா வந்து, 'இன்னாபா, ஜெனரேட்டர் சவுண்டு உள்ள வந்துகினே கீது'ன்றாரு. ஜெனரேட்டர் இல்ல சார், கிட்டாருன்னா நம்புவாரா அவரு? மூடிட்டேன். ஒர்த்தரும் கண்டுக்கல."

பந்தியில் மூலவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லலாமா வேண்டாமா என்று குழம்பி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"மூடிட்டான்னுதானே சொல்லப்போறே?" என்றார் அவர், சாம்பாரைப் பிசைந்தபடியே.

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாம? வயர்ல உயிர் இருக்கா இல்லையான்னு விரலுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் சார் கடைசிவரைக்கும் வாசிச்சீங்க?"

"நீ என் விரலைப் பாத்துண்டுதானே அடிக்கறே. நான் நிறுத்தினா நீ எங்க போவே?" என்றார். உடனே, "உன்னை மாதிரி தாளத்துல ஓடற ஆளை நான் பாத்ததே இல்லை. பாயசம் வந்தா எனக்கும் சொல்லு" என்றார்.

பந்தியில் எதிர் வரிசையில் இருந்த அரவிந்த் இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் கேட்டதும் அவன் கேட்டதும் வேறு வேறு. எனக்கு 'நீ எங்க போவே' மட்டும்தான் கேட்டது. அவனுக்கு, பேஸ் இல்லாமலே ஒரு ரிசப்ஷன் நடந்திருக்கிறது என்று காதில் விழுந்தது.

கொஞ்ச நாளில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது, அரவிந்த் ஒருவரை நீக்கியதாக. நான் உடனே கூப்பிட்டேன். "ப்ரோ, இனிமே பேஸ் லேப்டாப்லேர்ந்து வரும். கரெக்டா வரும், சண்டை போடாது. ஷீலா ஓகே சொல்லிட்டாங்க" என்றான். நான் கத்தினேன். இரண்டுக்கு ஒன்று என்று ஜனநாயகம் என்னைத் தோற்கடித்தது. "அவர்கிட்ட நேர்லயாவது சொல்லுடா" என்றேன். "சொல்றேன் ப்ரோ" என்றான். சொல்லவில்லை.

மூலவர் வாட்ஸ்அப் பார்ப்பவர் இல்லை. சனிக்கிழமை அந்த அம்மிக் கல்லை முதுகில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே லேப்டாப் வாசித்துக்கொண்டிருந்தது. அவருடைய வாசிப்பைத்தான். பழைய பயிற்சிப் பதிவுகளைக் கேட்டு, சுரம் விடாமல் அரவிந்த் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தான்.

ஷீலா கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூலவர் நின்றபடி பாட்டு முழுவதையும் கேட்டார்.

"நடுவுல ஒரு இடத்துல நான் எப்பவும் ஒரு தப்பு பண்ணுவேன். அதையும் போட்டிருக்கான்" என்றார்.

அரவிந்த் தலையைச் சொறிந்தான்.

"இல்லைடா, தப்பா சொல்லலை. நன்னா கேக்கறது. நான் வாசிக்கறது எனக்கே இப்போதான் மொத மொதல்ல கேக்கறது."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். பத்து நிமிஷமாவது திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

லேப்டாப்போடு ஒரு நிகழ்ச்சி வாசித்தேன், அடையாறில் ஓர் அபார்ட்மெண்ட் விழா. கதை என்றால் லேப்டாப் நடுவில் படுத்துவிட வேண்டும், மூலவர் கூட்டத்திலிருந்து எழுந்து வர வேண்டும். அது படுக்கவில்லை. ஒரு பிசிறு இல்லை. கைதட்டல் வழக்கத்தைவிட அதிகம். பேஸ் மாறியது ஒருவருக்கும் தெரியவில்லை. நான் மட்டும் பாட்டுக்குப் பாட்டு இடது பக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதன் மேல் லேப்டாப், அதன் மேல் ஒரு கொசு.

மறுநாள் விலகுகிறேன் என்றேன். அரவிந்த் ஆறுதல் சொன்னான்: "கவலைப்படாதீங்க ப்ரோ, டிரம்ஸும் லேப்டாப்லயே இருக்கு." இன்று அவன் கம்பெனி விழாக்களில் தனியாக நின்று பாடுகிறான். எங்கேயாவது பார்த்தால் கட்டிக்கொள்கிறான். நன்றாக இருக்கட்டும், வேறென்ன சொல்ல.

நான் விலகியதைச் சொல்ல மயிலாப்பூர் போனபோது, திட்டு பாக்கியில்லாமல் கிடைத்தது.

"மடையன்! நான் போனா எனக்கு வயசாச்சு. நீ ஏன்டா விட்டே? தியாகி ஆகப் பாக்கறியா? உன் தாளத்துக்கு அந்த லேப்டாப்தான்டா சரி, ஓடாம பிடிச்சு வெச்சிருக்கும்."

திட்டி முடித்து, "குச்சி கொண்டுவந்திருக்கியா?" என்றார்.

அன்றிலிருந்து ஞாயிறு மத்தியானம் நாங்கள் இருவர். அவர் சோபாவின் நுனியில் பேஸோடு. நான் எதிரே, நாற்காலி மேல் ஒரு ரப்பர் பலகையை வைத்துக் குச்சியால் தட்டுவேன். பாட்டு கிடையாது, பாடகன் கிடையாது. மாமி காப்பி கொண்டுவரும்போது, "இது என்ன பாட்டு?" என்று கேட்பார். "ஒரு பாட்டோட அடிப்பக்கம்" என்பார் மூலவர். என்னை ஒரு நாளும் பாராட்டியதில்லை. நான் ஓடுகிறேன், பின்தங்குகிறேன், வங்கியில் எப்படிப் பணம் எண்ண விடுகிறார்கள் என்பார். நங்கநல்லூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்து திட்டு வாங்குகிறவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று என் மனைவி சொல்கிறாள். மறுப்பதற்கில்லை.

போன மாசம் எனக்குக் காய்ச்சல், போகவில்லை. சாயங்காலம் ஃபோன் வந்தது.

"ஏன்டா வரலை?"

"காய்ச்சல் சார்."

"எவ்வளவு?"

"நூத்தி ரெண்டு."

"அது ஒரு காய்ச்சலா."

"நீங்க வாசிச்சீங்களா சார்?"

ஃபோனைக் கை மாற்றுகிற சத்தம் கேட்டது.

"எடுத்தேன். தனியா வாசிச்சா, பக்கத்தாத்துல யாரோ பீரோவை நகர்த்தறாப்ல இருக்கு. வெச்சுட்டேன்." பிறகு, "கஞ்சி குடிச்சியா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறும் காய்ச்சல் முழுசாக விட்டிருக்கவில்லை. குச்சியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.