வழிகாட்டி அம்மாள் மீது முழுப் பழி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

'சம்பந்தி' என்ற சொல்லை எழுத இன்று காலை பத்து மணி வரை எனக்கு உரிமை இருந்தது. இப்போதும் இருக்கிறதா என்பது தங்கள் கையில். அடித்துவிட்டு வேறு எழுத மனம் வரவில்லை.

தாங்களும் தங்கள் துணைவியாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். விடுதி அறையில் நாங்களும் அவ்வாறே என்று எழுதுவதுதான் முறை. ஆனால் என் மனைவி ஈரத் தலையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். என் மகன் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆகவே முறையை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

காலை பத்து மணிக்கு நாங்கள் வந்து, பெரியவர்கள் நாலு பேரும் தனியாக உட்கார்ந்து பேசி, தங்கள் மகளை என் மகனுக்குக் கேட்பதாக ஏற்பாடு. இப்போது மாலை ஆறரை. "இவ்வளவு அலட்சியமா இருக்கறவங்க வீட்டுக்கு என் பொண்ணை எப்படி அனுப்பறது?" என்று தாங்கள் போனில் கேட்டதாக மகன் சொன்னான். கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நானல்ல, வாடகைக் காரின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற வழிகாட்டிக் கருவி.

நான் முப்பத்து நாலு வருடம் தபால்காரனாக இருந்தவன். சைக்கிளில் இருபத்து நாலு, தபால் வேனில் பத்து. "பச்சைக் கதவு, குரைக்கும் நாய், மாடியில் கோபக்கார வாத்தியார்" என்று மட்டும் எழுதியிருந்த உறையைக்கூட வாத்தியார் கையிலேயே சேர்த்திருக்கிறேன். "அப்பா, வெளிநாடு, ஊரும் புதுசு, நானே கொண்டுவந்து விடறேன்" என்று மகன் கெஞ்சினான். "விலாசம் கண்டுபிடிக்க எனக்கே நீ சொல்லித் தர்றியா?" என்று கேட்டேன். அவனும் விடாமல், தங்கள் விலாசத்தைக் கருவியில் ஏற்றி, தமிழில் பேசவும் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனான்.

அதற்குள் இருக்கிற அம்மாளின் குரல் இனிமையானதுதான். நகரத்துக்குள் ஒழுங்காகவே சொல்லிக்கொண்டு வந்தது. அதன் பிறகுதான் புத்தி பேதலித்தது. "முடிந்த இடத்தில் வண்டியைத் திருப்புங்கள்" என்று ஆரம்பித்தது. நேராகப் போனாலும் திருப்புங்கள், வளைந்து போனாலும் திருப்புங்கள். சம்பந்தி, என் மனைவி சொன்ன வழியில் போகாவிட்டால் அவள் மூன்று நாள் பேசமாட்டாள், எனக்கும் நிம்மதி. இந்த அம்மாளுக்கு ரோஷமே கிடையாது. எத்தனை தடவை மீறினாலும் "புதிய வழி கணக்கிடப்படுகிறது" என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து தொடங்கும். திட்டினால் பதிலுக்குத் திட்டாத ஒருத்தரோடு எப்படிச் சண்டை போடுவது?

பிறகு ஒரு ரவுண்டானா வந்தது. மூன்றாவது வெளிவழியில் போ என்றது. எங்கிருந்து மூன்றாவது என்று எண்ணிக்கொண்டே போனதில் ஐந்து சுற்று ஆகிவிட்டது. நடைபாதையில் நாயோடு நின்ற பெண்மணி மூன்றாவது சுற்றில் எங்களைப் பார்த்துச் சிரித்தார், நாலாவதில் கையசைத்தார், ஐந்தாவதில் நாயையும் தூக்கிக் காட்டினார். "அவங்க வீட்டுக்கே போயிடலாம், இப்ப நமக்குத் தெரிஞ்சவங்க அவங்கதான்" என்றாள் என் மனைவி.

இனி இயந்திரத்தை நம்பிப் பயனில்லை என்று அடுத்து கண்ணில் பட்ட தபால் நிலையத்தில் நிறுத்தினேன். ஐந்து நிமிட வேலை. கவுண்டரில் இருந்த பெண்ணிடம் என் பழைய அடையாள அட்டையைக் காட்டினேன். பாஷை புரியாவிட்டாலும் தொழில் புரிந்துவிட்டது. எழுந்து வந்து கைகுலுக்கி உள்ளே அழைத்துப் போய்க் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கும் அறையைக் காட்டினார். அடடா, சம்பந்தி, என்ன ஒழுங்கு! சுவர் முழுக்க எண் போட்ட புறாக்கூண்டு அறைகள். மேஜையில் ஒரு தட்டு நிறையக் கடிதம் பிரிக்காமல் கிடந்தது. கை சும்மா இருக்குமா? முழுத் தட்டையும் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். ஒன்றே கால் மணி நேரம். அவர்கள் கைதட்டினார்கள். காரில் காத்திருந்தவள் தட்டவில்லை.

அந்தப் பெண் காகிதத்தில் தங்கள் வீட்டுக்கு வழி வரைந்து கொடுத்தார். அதுவும் கருவி சொன்ன அதே வழிதான். இருந்தாலும் துறையைச் சேர்ந்தவர் சொன்னால் ஒரு மதிப்பு இருக்கிறதல்லவா? அந்த மதிப்போடு கிளம்பி, அம்மாள் வலப்பக்கம் என்றபோது அவசரத்தில் இடப்பக்கம் ஒடித்தேன். அது கார் கழுவும் கூடம். இருபுறமும் பெரிய பெரிய பிரஷ்கள் சுழன்றுகொண்டு வந்தன. என் ஜன்னலை ஏற்றிவிட்டேன். என் மனைவியின் ஜன்னலை ஏற்றும் பொத்தான் எது என்று தேடுவதற்குள் முதலில் சோப்பு, அப்புறம் தண்ணீர், கடைசியில் வெப்பக் காற்று. கார் பளபளவென்று வெளியே வந்தது. பட்டுப்புடவையும் தலையுமாக நனைந்தவளைத் தங்கள் வீட்டுக்கு எப்படி அழைத்து வருவது? விடுதிக்குத் திரும்பினோம். போன் செய்யலாமென்றால் என் போனில் சார்ஜ் இல்லை.

சம்பந்தி, என் மகன் வந்ததும் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கத்தவில்லை. "ஒரே ஒரு நாள்தானேப்பா கேட்டேன்" என்றான், அவ்வளவுதான். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். தங்கள் மகளைப் பற்றிப் பேசும்போது அவன் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். ஓர் இயந்திரம் செய்த தப்புக்கு அவனைத் தண்டித்துவிடாதீர்கள். நாளை பத்து மணிக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள். கருவியைக் கழற்றி வைத்துவிட்டு வருகிறேன்.

தங்கள் துணைவியாருக்கு எங்கள் வணக்கம். மருமகளாக வர வேண்டிய குழந்தைக்கு என் ஆசியும், இந்த மாமனாரைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய பொறுமையும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியாக விரும்பும்
ஓய்வு பெற்ற தபால்காரன்

பி.கு. அண்ணா, இது அவர் மனைவி எழுதறது. கவரை ஒட்டி பையன்கிட்ட கொடுக்கச் சொல்லிட்டு அவர் குளிக்கப் போயிருக்கார். தபால்காரர் பெண்டாட்டிக்கு ஒட்டின கவரைப் பிரிக்கத் தெரியாதா? கெட்டில் ஆவியில காட்டினேன், திறந்துகிச்சு.

அந்தக் கருவி ஒரு தப்பும் பண்ணலை. பத்துக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போதே உங்க வாசல்ல கொண்டுவந்து நிறுத்திடுச்சு. அவர் உங்க வீட்டை அண்ணாந்து பார்த்தார். சட்டைக் காலரை ரெண்டு தடவை சரிபண்ணினார். "நீ உட்காரு, நான் மணி அடிச்சிட்டுக் கூப்பிடறேன்"னு இறங்கிப் போனார். எங்க பையனோட போட்டோவும் சான்றிதழ் நகலும் வெச்ச கவரை உங்க தபால் பெட்டியில போட்டார். மணியை ரெண்டு தடவை அடிச்சார். திரும்பி வந்து வண்டியை எடுத்துட்டார். "என்னங்க, உள்ளே போகலையா?"ன்னேன். கருவி "திருப்புங்கள்"னு சொல்லச் சொல்ல, ஊர் எல்லை தாண்டற வரைக்கும் ஓட்டிக்கிட்டே போனார். போனும் நல்லாத்தான் இருந்தது, அவரே அணைச்சு வெச்சார். ஸ்டாம்ப் ஒட்டாத அந்தக் கவர் இன்னும் உங்க பெட்டியில இருக்கும், பாருங்க.

அலட்சியம் இல்லை அண்ணா, பயம். முப்பத்து நாலு வருஷம் எத்தனையோ பெரிய வீட்டு வாசல்ல தபாலைப் போட்டு, மணி அடிச்சிட்டுத் திரும்பினவர். ஒருத்தரும் உள்ளே வாங்கன்னு சொன்னதில்லை.

நாளைக்குப் பத்து மணிக்கு வர்றோம். வண்டிச் சத்தம் கேட்டதும் நீங்களே வாசலுக்கு வந்து அவர் கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டுப் போயிடுங்க. மணி அடிக்க மட்டும் விட்டுடாதீங்க.