வீடியோவுக்குப் பதில் சொன்னவர்

கணினியைத் திட்டாத மனிதன் இந்தப் பூமியில் பிறக்கவே இல்லை என்பார்கள். பிறந்தார். எங்களோடு வேலையும் பார்த்தார். அவர் பெயர் ஆமாங்க.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மண்டியின் மேல்மாடிதான் எங்கள் அனிமேஷன் ஸ்டூடியோ. முதலாளி பாய், நான், ஆமாங்க, மூன்றே பேர். கீழே மிளகாய் மூட்டை இறங்கினால் மேலே மூவரும் சேர்ந்து தும்முவோம். ஆமாங்கவுக்கு நாமக்கல் பக்கம். மென்பொருளில் எது புரியாவிட்டாலும், இணையத்தில் பாட வீடியோ போடும் ஒரு வெளிநாட்டுக் கிழவரைத்தான் பார்ப்பார். கிழவர் ஆங்கிலத்தில் "புரிந்ததா?" என்று கேட்பார். இவர் திரையைப் பார்த்துத் தலையாட்டி, "ஆமாங்க" என்பார். பெயர் வந்த வழி அதுதான்.

கிழவர் தன் நாய்க்குச் சளி பிடித்த கதையில்தான் பாடத்தையே தொடங்குவார். வீடியோவை வேகமாக ஓட்டிவிடக் கை நீட்டினால் ஆமாங்க என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார்.

"பெரியவரு பேசீட்டிருக்காருங்க சாமி. நடுவால ஓட்டுனா என்ன நெனைப்பாரு?"

"அவருக்கு எப்படிண்ணே தெரியும்?"

"நமக்குத் தெரியுமில்லீங்க?"

வீடியோ முடிந்ததும் கீழே தமிழிலேயே எழுதுவார்: "நாய்க்குத் தேவலைங்களா?" கிழவரும் அதை மொழிபெயர்த்துப் படித்துவிட்டுப் பதில் போடுவார். இரண்டுக்கும் நல்ல பொருத்தம்!

ஒரு நாள் வந்தது வினை. கோழித்தீவன விளம்பரம் ஒன்று, மாலையில் நாமக்கல்லில் பண்ணைக்காரர்கள் கூட்டத்தில் ஓட வேண்டும். எங்கள் கோழி நடந்தால் கால் மனுஷனைப் போல முன்பக்கம் மடிகிறது. கோழியோடு பிறந்து வளர்ந்தவர்கள் முன்னால் இதைப் போட்டால் என்ன ஆகும்?

"இதுவும் போச்சுன்னா மூடிட வேண்டியதுதான் தம்பி" என்றார் பாய். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம்.

மென்பொருளின் உதவிப் பக்கங்களைப் புரட்டினேன். மனுஷக் கால் இருந்தது, குதிரைக் கால் இருந்தது, டைனோசருக்குக்கூட இருந்தது. கோழியைச் சீந்துவாரில்லை.

ஆமாங்க கிழவருக்கு எழுத உட்கார்ந்தார். "ஐயா, வணக்கமுங்க. ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா? நாய் சாப்புடுதுங்களா? இங்க மழையே இல்லீங்க…"

"அண்ணே! காலைக் கேளுங்கண்ணே!"

"எடுத்த எடுப்புல காரியத்தைக் கேட்டா நல்லாவாங்க இருக்கும்?"

கடைசி வரியில்தான் கோழி வந்தது. எழுதிவிட்டு நிதானமாக டீ சொன்னார். பாய் மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். நான் பதில் வந்ததா என்று திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

நல்லவேளை, பதில் வந்துவிட்டது. நாய் நலம், பேத்திக்குப் பல் முளைத்திருக்கிறது என்று கிழவரும் ஊர்க்கதை பேசிவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். காலின் எலும்பை நேராக வைத்தால் கணினி தன் இஷ்டத்துக்கு மடக்கும், முதலிலேயே பின்பக்கம் துளி வளைத்து வையுங்கள் என்றார். வளைத்தோம். கோழி கோழியாக நடந்தது.

மாலையில் பாய் நாமக்கல்லிலிருந்து போன் செய்தார். "யாரும் சிரிக்கலப்பா!"

ஆமாங்க இப்போது பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறார். அவர் நாற்காலியில் வேறு யாரையும் உட்கார வைக்க பாய்க்கும் எனக்கும் மனசு வரவில்லை. போன வாரம் ஒரு சிக்கல். தலைபோகிற அவசரம். கிழவரிடம் கேட்டுவிடலாம் என்று கேள்வியைத் தட்டப் போனேன்.

விரல் தானாகத் தட்டியது: "ஐயா, வணக்கமுங்க. ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா?"